அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகணுமாம், வழி சொல்லுங்கள்
அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. 2021-இல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர் தங்கமான பெண், குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மாவோ மஞ்சள்பையில் பழைய சிகிச்சை நோட்டைப் போட்டுக்கொண்டு, கட்டணமில்லா டவுன் பஸ்ஸில் போய், லேடி டாக்டரிடமே கால் எரிச்சலைச் சொல்லணும் என்கிறார். வீட்டுக்கு வருவது எங்களுக்குத்தான் வசதி. அவரை யாரும் கேட்கவே இல்லை.

சரி, இப்போது சந்தேகம் இதுதான். மாத்திரையையும் அங்கேயே வாங்கிக்கொண்டால், இங்கே பெயரை அடித்துவிடுவார்களா? மழைக்காலத்தில் மறுபடி வீட்டுக்குத் தருவார்களா? கிராம சுகாதார செவிலியரிடம் கேட்பதா, நிலைய மருத்துவரிடமா? இப்படி மாற்றிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த மாத மாத்திரை வருவதற்குள் தெரிந்தால் நல்லது.