ரோலர் ஸ்கேட்டிங் ரிங்க் நடத்தியவர்கள் வாருங்கள்: என் தரை வியர்த்த கதை

நாலுசில்லு:
தெஹிவளையில் ஒரு பழைய ஸ்டோரை லீசுக்கு எடுத்து ரிங்க் போட்டவன் நான். கடன், கரண்ட் பில் கதையெல்லாம் உங்களுக்கும் தெரியும், விடுகிறேன். ஒக்டோபர், சனிக்கிழமை பின்னேரம். அந்த மாதத்துக் கொழும்பு மழை தெரியும்தானே, மூன்று மணிக்கு இருட்டி, நாலுக்குக் கொட்டி, ஐந்துக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் எட்டிப் பார்க்கும். உள்ளே பிறந்தநாள் பார்ட்டி, இருபது பிள்ளைகள். காலையிலிருந்து ஏசி ஓடியும் மூச்சு முட்டுது என்று யாரோ சொல்ல, நானே போய் இரண்டு பெரிய கதவையும் திறந்துவிட்டேன். பத்து நிமிஷம் இருக்கும். வளைவில் ஒரு பிள்ளை சறுக்கி விழ, பின்னால் வந்த இரண்டு பேர் அவள்மேல். ஓடிப்போய்த் தூக்கும்போது என் உள்ளங்கை தரையில் பட்டது. எடுத்துப் பார்த்தால் ஈரம். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. அடுத்த நாள் அவள் வீட்டுக்குப் போனேன். தாய் என்னை ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், தேத்தண்ணி தந்தார். பிள்ளை மட்டும், "அங்கிள், அந்த ரோஸ் லேஸ் சப்பாத்த வேற யாருக்கும் குடுக்காதீங்க" என்றாள். அது இன்னும் கவுண்டருக்குக் கீழேதான் கிடக்கிறது.

கொங்கிறீட் போட்டு 28 நாளாவது விடுங்கள், பிறகு உள்ளே ஈரம் மிச்சமா என்று பொலித்தீன் ஒட்டிப் பாருங்கள் என்று மேசன் பாஸ் சொன்னவர். நான் பள்ளிக்கூட லீவுக்குள் திறக்க வேண்டும் என்று 15ஆம் நாளே எபொக்சி, அந்தப் பளபளப்புத் தரைப் பெயின்ட், அடிக்க வைத்தேன். அதுதான் உறுத்துகிறது.

மழைக்காலம்:
தம்பி, கொங்கிறீட்டில் ஏன் பழி போடுகிறீர்கள்? கதவைத் திறந்ததுதான் பிழை. ஏசியில் குளிர்ந்த தரை, அதன்மேல் மழைக்காற்று. ஐஸ் சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் வெளியே நனைவதில்லையா, அதேதான். நிலத்து ஈரம் என்றால் எபொக்சி கொப்புளம் போட்டுத் தூக்கியிருக்கும், மேலே துளியாக நிற்காது. கொப்புளம் இருந்ததா, முதலில் அதைச் சொல்லுங்கள்.

என்னுடையது 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் கிழமை. அட்டவணையில் எங்கள் பகுதிக்கு வேறு நேரம் என்று நம்பி ஆட்களை உள்ளே விட்டேன். பாட்டு நின்றது, வெளிச்சம் போனது, சில்லுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. முப்பது பேர் கும்மிருட்டில் உருண்டுகொண்டே இருக்கிறார்கள், ஒருவரும் கத்தக்கூட இல்லை. "அப்படியே குந்துங்கோ!" என்று நான் கத்தினது எனக்கே வேறு யாரோ மாதிரிக் கேட்டது.

பழைய கோச்:
என் கதை ஒரு வரி: விழப்போன பிள்ளையைப் பிடிக்கப் போய் நான் விழுந்தேன், கை முறிந்தது. ஆனால் நாலுசில்லு ஒன்றைச் சொல்லவில்லை, வாடகைச் சப்பாத்தின் சில்லு என்ன இலக்கம்? இலக்கம் கூடக் கூடச் சில்லு கடினம். உள்ளரங்குக்கு என்று 95ஏ, 98ஏ வாங்கியிருப்பீர்கள். பளபளவென்ற எபொக்சியில் அது சவர்க்காரம் மாதிரி, காய்ந்த தரையிலேயே வழுக்கும். வெளியில் ஓட்டும் 78ஏ பிடிக்கும், ஆனால் சின்னதுகள் தள்ளிக் களைத்துப்போகும். வாங்கும்போதே இரண்டுக்கும் நடுவில் பார்த்து எடுங்கள். அப்புறம் பேரிங். பெரும்பாலும் 608 என்ற அளவுதான், 8 மில்லிமீற்றர் துளை, புறக்கோட்டையில் கேட்டால் தருவார்கள், ஆனால் ஈரத்தரையில் ஓடிய அன்றே கழற்றித் துடைக்காவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாதீர்கள், பெற்றோர் முறைத்தாலும் சரி. முதல் கால்மணிநேரம் விழப் பழக்குங்கள், முழங்காலில் இறங்கி, கையைப் பொத்தி. விரலை விரித்து ஊன்றினால் பின்னால் வருபவரின் சில்லு அதில் ஏறும்.

வெள்ளவத்தை அக்கா:
கோச், ஒரு வரிக் கதைக்கு இவ்வளவு வாலா? ஆனால் விரல் விஷயம் உண்மை. நான் கவுண்டரில் இருந்த காலத்தில், எல்லாரும் இடஞ்சுழியாகச் சுற்ற ஒரு தகப்பன் பாட்டா செருப்போடு எதிர்ப்பக்கமாக நடுவில் நடந்தார், மகனை வீடியோ எடுக்க. அந்த வீடியோவில் கடைசியாக இருப்பது கூரைதான்.

நாலுசில்லு:
மழைக்காலம் அண்ணா, கொப்புளம் இருந்தது. சப்பாத்து அறைப் பக்கம் நாலைந்து, ரூபாக்குத்தி அளவில். ஓடும் இடத்தில் இல்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு, அந்த அறையில் பெயின்ட் படாத மூலையில் முழங்கை நீளச் சதுரமாகப் பொலித்தீன் வெட்டி நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு விட்டேன். அடியில் நனைந்தால் நிலம், மேலே நனைந்தால் காற்று என்று மேசன் பாஸ் அன்றைக்கே சொன்ன கணக்கு. காலையில் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஈரம்.

அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பிள்ளைக்குக் கை எப்பிடி?" என்று கேட்டார்.