தன்னைத்தானே குத்திக்கொள்ளும் பிள்ளைக்கு மூளையில் மின்கம்பி வைக்கலாமா?

பிரிக்பீல்ட்ஸ் ராணி:
என் அக்கா மகனுக்கு 11 வயது. ஆட்டிசம், பேச்சு இல்லை. கன்ன எலும்பில் தானே குத்திக்கொள்வான். அக்கா உள்ளங்கையை இடையில் கொடுத்துக் கொடுத்து அவள் விரலெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. ரிஸ்பெரிடோன் என்ற மருந்து கொடுத்ததில் எடைதான் ஏறியது. கனடாவில் டொராண்டோ சிக்கிட்ஸ் மருத்துவமனையில் இப்படிப்பட்ட 6 பிள்ளைகளின் மூளைக்குள் மின்முனை வைத்ததில் குத்திக்கொள்வது குறைந்ததாக 2024-இல் ஆய்வு வெளியானது. என்ன நினைக்கிறீர்கள்?

செந்தூல் குமரன்:
பிள்ளைக்குக் கரண்டா? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பள்ளி ஒன்றும் ஷாக் கொடுத்துத்தான் பிள்ளைகளை அடக்கியது. 2020-இல் அந்தக் கருவிக்குத் தடையே போட்டார்கள்.

பினாங்குத் தாதி:
குமரன் அண்ணே, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். அது தோலில் வலி கொடுத்துத் தண்டிப்பது. (அந்தத் தடையை 2021-இல் நீதிமன்றம் ரத்து செய்தது, அது தனிக் கூத்து.) இதில் மார்புத் தோலுக்கடியில் ஒரு பேட்டரி, அங்கிருந்து மூளைக்கு மெல்லிய கம்பி. தண்டனை எதுவும் இல்லை. பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடங்களாகச் செய்வதுதான். ஒத்துவரவில்லையா, அணைத்துவிடலாம்.

செந்தூல் குமரன்:
கரண்டை அணைக்கலாம், மண்டையில் போட்ட ஓட்டையை? கிருமித்தொற்று, ரத்தக்கசிவு எல்லாம் யார் தலையில் விடியும்? 6 பிள்ளைகளை வைத்து என்ன முடிவுக்கு வருவது? கருவி ஓடுகிறது என்று தெரிந்த பெற்றோருக்கு நம்பிக்கையே பாதிப் பலன் காட்டும். ஜெர்மனியில் 2013-இல் ஒரு 13 வயதுப் பையனுக்கு மூளையில் அமிக்டலா என்ற பகுதியில் வைத்தார்கள், டொராண்டோவில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற வேறு பகுதியில். எந்த இடம் என்பதே இன்னும் முடிவாகவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாயும் இல்லை. முதலில் பல், காது, மலச்சிக்கல் பார்த்தீர்களா? சொல்லத் தெரியாத வலிக்கும் பிள்ளைகள் இப்படிக் குத்திக்கொள்ளும்.

பிரிக்பீல்ட்ஸ் ராணி:
பார்க்காமலா? மயக்கம் கொடுத்துச் சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். கொஞ்ச நாள் அடங்கினான், அப்புறம் பழையபடி. இப்படியே போனால் விழித்திரை பிரிந்துவிடும் என்கிறார் கண் டாக்டர். சம்மதம் கேட்கிறீர்களே அண்ணே, கண் போகட்டும் என்று மட்டும் அவன் சம்மதித்தானா?

செந்தூல் குமரன்:
அது நியாயம்தான். எல்லாம் பார்த்து முடிந்து, ஆய்வுக்குள், கண்காணிப்போடு என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. காசுக்காக யாராவது விற்க வந்தால் சும்மா விடமாட்டேன்.

பினாங்குத் தாதி:
டொராண்டோவிலும் மருந்து, நடத்தைப் பயிற்சி எதிலும் பலன் தெரியாத பிள்ளைகளைத்தான் எடுத்தார்கள். ராணி, குத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று எழுதி வைக்கிறீர்களா? டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

பிரிக்பீல்ட்ஸ் ராணி:
குத்துவது பெரும்பாலும் நடுராத்திரியில். இரண்டு கையாலும் அவனைப் பிடித்துக்கொண்டு எதில் எழுதுவது?

பினாங்குத் தாதி:
எழுத வேண்டாம். அடங்கியதும் கைப்பேசியில் பேசிப் பதியுங்கள், மணி சொன்னால் போதும்.