'ரேடியேட்டிவ் ஃபோர்சிங்': 'கதிர்ச்சாய்ப்பு' எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

புவிக்குள் வரும் கதிராற்றலுக்கும் வெளியேறும் கதிராற்றலுக்கும் இடையிலான சமநிலையை ஒரு வெளிக்காரணம் எவ்வளவு மாற்றுகிறது என்பதன் அளவே 'ரேடியேட்டிவ் ஃபோர்சிங்'. புவி வெப்பமாதல் பற்றி எழுதும்போது தவிர்க்கவே முடியாத இதற்குக் 'கதிர்வீச்சு விசை' என்னும் சொல் முந்தைய மடலில் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. விசை என்றதும் மாணவர்கள் நியூட்டன் அலகைத்தான் நினைப்பார்கள். இதுவோ சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று அளக்கப்படுவது. 'உந்தம்' இயற்பியலில் வேறு பொருளுக்கு ('மொமென்டம்') முன்பே போய்விட்டது. 'திணிப்பு' பொருளளவில் நெருங்கி வந்தாலும், குளிர்விக்கும் காரணங்களுக்குக் குறையெண் (மைனஸ்) வரும் இடங்களில் இடறுகிறது.

கதிரவனிடமிருந்து புவி உறிஞ்சுவது சராசரியாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 240 வாட். அதே அளவை அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்வரை தராசு நேராக நிற்கும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, நிலக்கரியையும் எண்ணெயையும் நாம் எரித்ததால் 420 பங்கைத் தாண்டி, வெளியேற வேண்டிய கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. காய்கறிக் கடைத் தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளியைப் போன்றது இது: அளவில் சிறியது, கண்ணில் படாதது, ஆனால் எடுக்கும்வரை ஒவ்வொரு நிறுவையையும் ஒரு பக்கமாகச் சாய்ப்பது.

எனவே 'கதிர்ச்சாய்ப்பு' என்று முன்மொழிகிறேன். 'சாய்வு' அன்று, 'சாய்ப்பு'. சாய்தல் தன்வினை, சாய்த்தல் பிறவினை. புவியின் வரவு செலவில் இன்று எஞ்சி நிற்கும் ஏற்றத்தாழ்வு சாய்வு; வெளியிலிருந்து அதை உண்டாக்கிய காரணத்தின் அளவு சாய்ப்பு. புவி ஏற்கெனவே ஓரளவு சூடேறிக் கூடுதலாக உமிழ்ந்துகொண்டிருப்பதால் இவ்விரண்டு எண்களும் ஒன்றல்ல. பல கட்டுரைகள் குழம்புவது இந்த இடத்தில்தான். இந்த வேறுபாட்டை ஒரு 'ப்'பில் காட்டிவிடும் வசதி தமிழில் இருக்கும்போது அதை விடுவானேன்?

காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கைப்படி 1750 முதல் 2019 வரை மனிதரால் விளைந்த நிகரக் கதிர்ச்சாய்ப்பு சதுர மீட்டருக்கு 2.72 வாட். கதிரவனின் மாற்றத்தால் விளைந்த சாய்ப்பை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், அது இதில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. புகையிலும் தூசியிலும் உள்ள நுண்துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அவற்றுக்குச் சுமார் 1.1 வாட் 'எதிர்ச்சாய்ப்பு' உண்டு. 1991இல் பிலிப்பைன்சின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபின் ஓரிரு ஆண்டுகள் உலகம் சற்றுக் குளிர்ந்ததும் எதிர்ச்சாய்ப்பினால்தான். ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும்; அந்த நீராவியும் வெப்பத்தைப் பிடிக்கும். ஆயினும் அது விளைவிலிருந்து பிறந்து திரும்பி வருவதால் சாய்ப்பு ஆகாது, 'பின்னூட்டம்' என்றே இருக்கட்டும்.

வீட்டை ஒட்டி இறக்கும் கூரையையும் சாய்ப்பு என்போம். 'கதிர்' முன்னால் நிற்பதால் மயக்கம் வராது என்றே கருதுகிறேன். மேலே தந்த 2.72, வளிமண்டலத்தின் உடனடி மாறுதல்களையும் கணக்கில் சேர்த்த அளவு. ஆங்கிலத்தில் 'எஃபெக்டிவ் ரேடியேட்டிவ் ஃபோர்சிங்' எனப்படும் அதைத் தனித்துக் குறிக்கச் 'செயலுறு கதிர்ச்சாய்ப்பு' பொருந்துமா என்பதை நண்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.