சென்னைக்குக் குடும்பத்தோடு போனால் எங்கே சாப்பிடுவது? கையைக் கடிக்கவும் கூடாது, பிள்ளைகளுக்கும் பிடிக்க வேண்டும்

தேவகோட்டைக்காரி

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் சென்னைக்குப் போகிறோம். நான், வீட்டுக்காரர், மாமியார், ஏழாவதும் மூன்றாவதும் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். எழும்பூரில் லாட்ஜ் போட்டாகிவிட்டது. கடற்கரை, மியூசியம், கபாலீஸ்வரர் கோயில் என்று பார்க்கிற இடங்களும் முடிவாகிவிட்டன. சாப்பாடுதான் இழுபறியாக இருக்கிறது.

போன தடவை லாட்ஜுக்குப் பக்கத்திலேயே ஒரு ஏசி ஓட்டலில் இரவு உட்கார்ந்தோம். நாலு நாண், ஒரு பன்னீர், பிள்ளைகளுக்கு ஃப்ரைட் ரைஸ். அவ்வளவுதான் வாங்கினோம். பில் வந்ததும் வீட்டுக்காரர் முகமே மாறிவிட்டது. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை வேறு. ருசியும் சொல்லும்படி இல்லை. அதனால் இந்தத் தடவை ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய், அதற்குமேல் போகக் கூடாது என்று முடிவு. அதற்காக ஏதோ வயிறு நிறைந்தால் போதும் என்றும் இல்லை. பிள்ளைகள் ஊருக்கு வந்து கூட்டாளிகளிடம் சொல்கிற மாதிரி இருக்க வேண்டும். நம் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகிற நீங்களெல்லாம் எப்படிக் கடை கண்டுபிடிக்கிறீர்கள்?

செக்காலை ரோடு

முதலில் அந்த சர்வீஸ் சார்ஜ் விஷயம். அது கட்டாயம் கிடையாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதைச் சரி என்று சொல்லிவிட்டது. எடுத்துவிடுங்கள் என்று தைரியமாகக் கேளுங்கள். ஜிஎஸ்டி வேறு, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கடை கண்டுபிடிக்க ஃபோனைவிட நல்ல துணை இல்லை. ஆனால் மொத்தம் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது. கூகுள் மேப்பில் விமர்சனங்களைப் புதியது முதலில் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் நன்றாக இருந்த கடை இந்த வருடம் மாஸ்டர் மாறி வேறு மாதிரி ஆகியிருக்கும். சாப்பிட்டவர்கள் போட்ட மெனு கார்டு போட்டோவைப் பெரிதாக்கி விலையைப் பாருங்கள். தேதியையும் பாருங்கள். அப்புறம், ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, மூன்று கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். சாம்பார் நன்றாக இருக்கிறது, ஆனால் கழிவறை இல்லை, மாடி ஏற வேண்டும் என்று எழுதுகிறவர்கள் அவர்கள்தான். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ருசியைவிட அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்கட்டி

செக்காலை அண்ணன் சொன்னதில் சர்வீஸ் சார்ஜ் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி ஃபோனை வைத்துக் கடை தேடுவதுதான் பணத்துக்கும் சந்தோஷத்துக்கும் கேடு. பாத்திரக் கடைக்குச் சரக்கெடுக்க நான் பாரிமுனைக்கு அடிக்கடி போகிறவன். அங்கே ராத்திரி கூட்டம் அலைமோதுகிற எத்தனையோ கடைகளில் மேப்பில் போட ஒரு போட்டோகூட உருப்படியாக இருக்காது. கடையில் நிற்கிறவர்கள் எல்லாம் லோடு இறக்குகிறவர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், பர்மா பஜாரில் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் எங்கே விமர்சனம் எழுதப் போகிறார்கள்? எழுதுகிறவர்கள் பாதிப் பேர் வெளியூரிலிருந்து ஒரு தடவை வந்து போனவர்கள்.

என் வழி இது. முதலில் ஏரியாவை முடிவு செய்யுங்கள், அப்புறம் அந்த ஏரியா எதற்குப் பேர் போனதோ அதை மட்டும் சாப்பிடுங்கள். மயிலாப்பூரில் போய் நாண் கேட்கக் கூடாது, வடநாட்டுக்காரர்கள் நிறைந்த சவுக்கார்பேட்டையில் போய் மீன் குழம்பு கேட்கக் கூடாது. அந்தந்த இடத்துச் சாப்பாடு அங்கேதான் மலிவாகவும் சூடாகவும் கிடைக்கும். போகிற ஆள் போகிற வேகத்துக்கு அடுப்பு ஓய்வதே இல்லை.

பிள்ளைகள் கூட்டாளிகளிடம் சொல்ல வேண்டும் என்றால் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டு வந்த சாப்பாடு. ஒரு பேசினில் நூடுல்ஸை அள்ளிப் போட்டு, இழை இழையாக அரிந்த முட்டைகோஸ், வெங்காயம், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், நொறுக்கிய வடை, மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் அடுத்தடுத்து விழும். அவர் கை அளந்து போடுகிற மாதிரியே தெரியாது. ஆனால் ஒவ்வொரு தட்டும் ஒரே ருசி. கையாலேயே பிசைந்து தட்டில் தள்ளிவிட்டு, பக்கத்திலேயே வாழைத்தண்டு போட்ட சூப்பை ஊற்றி வைப்பார். அவித்த முட்டையை நடுவே கீறி வறுத்த வெங்காயத்தைத் திணித்துத் தருவார்கள், பிள்ளைகள் அதை விடமாட்டார்கள். நம் வீடுகளில் பர்மா தேக்குத் தூணைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள். பர்மாவின் சாப்பாடு எப்படி இருக்கும் என்று ஒரு தட்டில் தெரிந்துகொள்ளட்டுமே.

செக்காலை ரோடு

தம்பி, நீங்கள் தனி ஆள். கையில் பை, நின்றபடி சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவீர்கள். இவர்கள் ஐந்து பேர், அதில் ஒருவர் மாமியார். ரோட்டோரம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழங்கால் வலியோடு எவ்வளவு நேரம் நிற்பார்? பச்சை முட்டைகோஸ், பச்சை வெங்காயம், எந்தத் தண்ணீரில் கழுவினார்களோ. முதல் நாள் சாயங்காலம் சின்னவனுக்கு வயிறு கெட்டால் மிச்சப் பயணம் முழுக்க லாட்ஜ் அறையில்தான். அப்போது மலிவாகச் சாப்பிட்டு மிச்சம் பிடித்த பணம் மருந்துக் கடைக்குப் போகும். ருசி தெரியாதவன் இல்லை நான். ஆனால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு உட்கார இடம், கை கழுவ இடம், கழிவறை, இந்த மூன்றும் இருக்கிற கடைதான் மலிவான கடை.

பள்ளத்தூர் ஆச்சி

இரண்டு பேரும் சொல்வதைப் படித்தேன். எங்கள் காலத்தில் வெளியூர் போனால் புளியோதரையும் எள்ளுப்பொடி தடவிய இட்லியும் கட்டாமல் யாரும் படி இறங்க மாட்டோம். இப்போதும் அதையே சொல்கிறேன். போகிற அன்றைக்கு ஒரு வேளைக்காவது கட்டிக்கொண்டு போம்மா. ரயிலிலும் ஸ்டேஷனிலும் கிடைக்கிறதுக்குக் கொடுக்கிற காசு மிச்சம். அதை வைத்து மறுநாள் ஒரு வேளை நன்றாகச் சாப்பிடலாம்.

இன்னொன்று. அங்கே தெருவுக்குத் தெரு செட்டிநாடு என்று போர்டு வைத்திருப்பார்கள். அதற்குள் போகாதீர்கள். மிளகாயை அள்ளிப் போட்டுக் குழம்பைச் சிவப்பாக்கினால் அது நம் ஊர்ச் சமையல் ஆகிவிடாது. கல்பாசியும் மராட்டி மொக்கும் சோம்பும் அளவாக வறுத்து, அன்றன்றைக்கு அரைத்துச் செய்கிறதை நீ வீட்டிலேயே செய்கிறாய். அதற்கு எதற்கு அங்கே போய் இரட்டிப்பு விலை?

திருவல்லிக்கேணி மேன்ஷன்

நான் கண்டனூர். சென்னையில் வேலை, திருவல்லிக்கேணியில் மேன்ஷன் வாசம். ஆச்சி சொல்வது பெரிய ஓட்டல்களுக்குச் சரி. ஆனால் இங்கே சந்துக்குள் நம் பக்கத்து ஆட்கள் நடத்துகிற மெஸ்கள் இருக்கின்றன. போர்டில் செட்டிநாடு என்று இருக்கும், உள்ளே நாலே நாலு டேபிள்தான் இருக்கும். மாதச் சம்பளக்காரர்களை நம்பி நடக்கிற கடைகள். ஒரு நாள் குழம்பு கெட்டால் மறுநாள் ஆள் வராது. அதனால் கெடாது. போர்டைப் பார்த்து ஒதுக்காதீர்கள், உள்ளே யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

அக்காவுக்கு நான் சொல்வது பறக்கும் ரயில், அதாவது உயரத்தில் கட்டிய பாதையில் ஓடுகிற மின்சார ரயில். எழும்பூரில் மின்சார ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன். அங்கே பறக்கும் ரயிலுக்கு மாறினால் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை என்று வரிசையாக வரும். டிக்கெட் ஐந்து, பத்து ரூபாய். ஐந்து பேர் ஆட்டோவில் போனால் இரண்டு ஆட்டோ பிடிக்க வேண்டும், அந்தக் காசில் இரண்டு வேளை டிபன் முடிந்துவிடும். யாருமே இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மலிவான கடையைத் தேடி ஆட்டோவில் போனால் அது மலிவான கடை இல்லை.

காலையில் திருமயிலையில் இறங்குங்கள், அதுதான் மயிலாப்பூர். கோயில் பார்த்துவிட்டு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ்ஸில் டிபன். ராயர் மெஸ்ஸும் பக்கம்தான், ஆனால் இடம் சின்னது, காத்திருக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க். திரும்பும்போது திருவல்லிக்கேணியில் இறங்கி ரத்னா கஃபே சாம்பார் இட்லி. 1948லிருந்து இருக்கிற கடை. இட்லி மூழ்குகிற அளவுக்குச் சாம்பாரை ஊற்றுவார்கள், தீர்ந்தால் வாளியோடு வந்து மறுபடியும் ஊற்றுவார்கள். உட்கார இடம் உண்டு, செக்காலை அண்ணனுக்கும் சம்மதமாக இருக்கும்.

செக்காலை ரோடு

சம்மதம்தான். ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் எல்லோரும் ஃபோனில் தேடி வருகிற பெயர்கள். நட்சத்திரம் வாங்கிய கடைகள். அப்போது ஃபோன் எங்கே தப்பாகச் சொன்னது?

திருவல்லிக்கேணி மேன்ஷன்

ஃபோன் கடையைச் சொல்லும், நேரத்தைச் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அந்தப் பெயர்களை நம்பிப் போனால் வாசலில் பிள்ளைகள் பசியில் அழும். அதே கடை வார நாளில் ஏழரைக்குக் காலி. இங்கே இருப்பவர்கள் பெரிய கடை, சின்னக் கடை என்று பார்ப்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்றுதான் பார்ப்போம்.

கோவிலூர்

அம்மா உணவகத்தை ஏன் யாருமே சொல்லவில்லை? 2013ல் ஆரம்பித்தது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ஐந்து பேர் நூறு ரூபாய்க்குள் வயிறாரச் சாப்பிடலாம்.

பள்ளத்தூர் ஆச்சி

அது அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடுகிறவர்களுக்காக வைத்தது. சுற்றிப் பார்க்கப் போன நாம் அந்த வரிசையில் நின்று அவர்கள் இட்லியைக் குறைக்கக் கூடாது.

கோவிலூர்

ஆச்சி, யாரும் சாப்பிடலாம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஏழை என்று சீட்டுக் காட்டியா வாங்குகிறார்கள்? நம் பிள்ளைகளும் அவர்கள் பக்கத்தில் நின்று சாப்பிடட்டும். காசியிலும் ராமேஸ்வரத்திலும் நகரத்தார் சத்திரம் கட்டி வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட ஊர் நம்முடையது. அப்படிச் சாப்பிடுவதில் குறைச்சல் என்ன?

பள்ளத்தூர் ஆச்சி

குறைச்சல் என்று சொல்லவில்லை அப்பா. கொடுக்க முடிந்தவன் கொடுத்துச் சாப்பிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இதில் நான் மாறமாட்டேன்.

கல்லுக்கட்டி

மதியச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டல்களில் ஏசி ஹாலுக்கு ஒரு விலை, சாதா ஹாலுக்கு ஒரு விலை என்று இருக்கும். அதே சோறு, அதே குழம்பு. சாதா ஹாலில் உட்காருங்கள். ஐந்து பேருக்கும் முழுச் சாப்பாடு சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கு அளவுச் சாப்பாடு ஒன்று வாங்கிப் பிரித்துக் கொடுங்கள். முழுச் சாப்பாட்டைப் பங்கு போட விடமாட்டார்கள், டோக்கன் போடும்போதே கேட்டுவிடுங்கள். லாட்ஜ் அறைக்கு டெலிவரி ஆப்பில் வரவழைப்பது வேண்டவே வேண்டாம். கடை விலைக்குமேல் ஏற்றித்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள், டெலிவரி சார்ஜ் தனி.

ஒரு நாள் சாயங்காலம் சவுக்கார்பேட்டை மின்ட் தெரு. முறுக்கு நடுவே தக்காளி, வெள்ளரி, சட்னி வைத்து சாண்ட்விச் தருவார்கள். நெய் இட்லி, சூடான ஜிலேபி. ஐந்து பேரும் ஒவ்வொன்றாக வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டே நடக்கலாம். பிள்ளைகளுக்கு ஓட்டலில் சும்மா உட்கார்ந்திருக்கிற சலிப்பு கிடையாது. பெரும்பாலும் சைவம் என்பதால் மாமியாருக்கும் தோதாக இருக்கும்.

செக்காலை ரோடு

மின்ட் தெருவில் சாயங்காலம் தள்ளுவண்டிக்கும் பைக்குக்கும் நடுவே மூன்றாவது படிக்கிற பையனை யார் பிடித்துக்கொள்வது?

தேவகோட்டைக்காரி

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். போகிற அன்றைக்கு ஆச்சி சொன்ன மாதிரி புளியோதரை கட்டுகிறேன். மறுநாள் காலை ஏழரைக்கு மயிலாப்பூர், மதியம் சாதா ஹாலில் சாப்பாடு, இன்னொரு காலை ரத்னா கஃபே. பறக்கும் ரயில்தான், ஆட்டோ இல்லை. கடைசி நாளைக்கு செக்காலை அண்ணன் சொன்ன மாதிரி மெனு போட்டோ பார்த்து ஒரு கடை குறித்து வைத்திருக்கிறேன். மின்ட் தெரு வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அத்தோவையும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மாமியார்தான் கேட்டுவிட்டு, அங்கே போக வேண்டும் என்கிறார். அவருடைய அப்பா ரங்கூனில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக இருந்தவர். ஊருக்கு வந்தபிறகும் அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். நின்றுகொண்டு சாப்பிட வேண்டும் என்று சொன்னேன், பரவாயில்லை என்கிறார்.

செக்காலை ரோடு

அப்படியானால் போய்த்தான் ஆக வேண்டும். கடை போட்டதும் போய்விடுங்கள், கூட்டம் சேர்வதற்கு முன்னால். அவருக்கு ஒரு ஸ்டூல் கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குப் பச்சை முட்டைகோஸ் இல்லாமல் போடச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள்.

கல்லுக்கட்டி

முட்டைகோஸ் இல்லாமல் அத்தோவா? அண்ணே, அதை மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றால் முட்டை மட்டும் வாங்கிக் கொடுங்கள். பெரியவருக்கு எல்லாம் போட்டு, சூப்பை மறுபடியும் கேட்டு வாங்கிக் கொடுங்கள் அக்கா. கேட்டால் ஊற்றுவார்கள்.