மொச்சை பிதுக்கும் காட்சி: நாலு நிமிஷத்துல பயம் ஏன் ஏறவே மாட்டேங்குது?

அல்சூர்_ராத்திரி

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல எடுத்துட்டிருக்கற குறும்படத்துல ஒரு காட்சி பத்தின கேள்வி.

அல்சூர்ல ஒரு மாடி வீடு, மார்கழி மாசம், ராத்திரி பதினொரு மணி. ரேவதியோட அம்மா போய் ரெண்டு மாசம் ஆச்சு. அவ ஹால்ல தரையில உக்காந்து, மறுநாள் குழம்புக்கு ஊறவெச்ச மொச்சையைப் பிதுக்கிட்டிருக்கா. ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல மூணடி அகலத்துல ஒரு நடை. சமையல்கட்டுல எவர்சில்வர் டம்ளரைக் கவுத்து வைக்கிற சத்தம். அம்மா படுக்கப் போறதுக்கு முன்னாடி தினமும் அப்படித்தான் கவுத்து வைப்பாங்க. ரேவதி எழுந்து போய்ப் பாக்குறா, யாருமில்ல. திரும்புறப்ப பின்னாடி அம்மா.

வந்தது அம்மாவா, ரேவதியோட மனசா, அது கடைசிவரைக்கும் முடிவாகக் கூடாது.

இப்ப இருக்கற எடிட் 4 நிமிஷம் 10 செகண்ட், 62 ஷாட். ஆரம்பத்துலேருந்தே பின்னணி இசை ஓடுது. பாத்தவங்க கடைசி ஷாட்டுக்குத் துள்ளுறாங்க, அதுவரைக்கும் எந்தப் பதற்றமும் இல்ல. இன்னும் ஒரு ராத்திரி ஷூட் பண்ணலாம். ஒரு மிரர்லெஸ் கேமரா, 24, 35, 50 எம்.எம். லென்ஸ், நாலடி ஸ்லைடர், ரெண்டு எல்இடி பேனல், ஒரு ரெக்கார்டர் இருக்கு. எங்கேருந்து சரி பண்ணணும்?

கத்தரி

250 செகண்டுக்கு 62 ஷாட்னா சராசரியா நாலு செகண்டுக்கு ஒரு வெட்டு. பயத்துக்கு இது ரொம்ப அதிகம். ஒவ்வொரு வெட்டுலயும் பாக்குறவங்களுக்கு ஒரு மூச்சு கிடைச்சிடுது. "இந்தப் பக்கம் ஒண்ணுமில்ல, அடுத்ததைப் பாரு"ன்னு நீங்களே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்க. 20, 25 ஷாட்டுக்குள்ள கொண்டு வாங்க.

அதைவிடப் பெரிய சிக்கல் டம்ளர். மேஜைக்கடியில குண்டு இருக்கறது முன்னாடியே தெரிஞ்சா 15 நிமிஷம் பதைப்பு, தெரியாட்டி 15 செகண்ட் அதிர்ச்சி, அவ்வளவுதான்னு ஹிட்ச்காக் சொன்னார் இல்லையா. உங்க குண்டு அந்த டம்ளர்தான். அம்மாவோட பழக்கம் சத்தம் வந்ததுக்கு அப்புறம் தெரிஞ்சா பிரயோஜனமே இல்ல. இந்தக் காட்சிக்கு முன்னாடியே, அம்மா உயிரோட இருக்கற ஒரு இடத்துல, அவங்க கவுத்து வைக்கிறதைப் போற போக்குல காட்டிடுங்க. அழுத்தம் குடுக்காம, வேற பேச்சு ஓடிட்டிருக்கறப்ப.

அப்புறம் நடையை ஒரே ஃப்ரேம்ல மூணு தடவை வைங்க. கேமரா உயரம், லென்ஸ், இடம் மூணும் அச்சு மாறாம இருக்கணும். தரையில டேப் ஒட்டி அளவை எழுதி வெச்சுக்கோங்க. முதல் தடவை சமையல்கட்டு விளக்கு எரியுது, ரேவதி தண்ணி குடிக்கிறா. டம்ளர் அவ கையில இருக்கறப்பவே வெட்டிடுங்க, அதை எப்படி வெச்சாங்கறதைக் காட்டாதீங்க. 4 செகண்ட். ரெண்டாவது தடவை விளக்கு அணைஞ்சிருக்கு, யாருமில்ல, 7 செகண்ட். மூணாவது தடவை டம்ளர் கவுந்திருக்கு, 14 செகண்ட். அவளே கவுத்திருக்கலாம்ங்கற சந்தேகம் அந்த முதல் வெட்டுலேருந்தே பிறந்துடும். படம் முழுக்க உங்களுக்கு வேண்டிய சந்தேகம் அதுதானே.

ரேவதி சமையல்கட்டுக்குள்ள எட்டிப் பாக்குற இடத்துல, அவ பாக்குறதைக் காட்டுற ஷாட்டைத் தூக்கிடுங்க. அவ முகத்துல 9, 10 செகண்ட் நில்லுங்க. காலி சமையல்கட்டைக் காட்டின அந்த நிமிஷமே பாக்குறவங்க மனசு லேசாயிடும்.

காதுக்குள்ள

கத்தரி சொன்னது எல்லாம் சரி. ஆனா முதல் வேலை அந்த இசையை எடுக்கறது. குறைஞ்சது முதல் ரெண்டரை நிமிஷத்துக்கு ஒரு சுரம்கூட வேண்டாம். பயப்படணும்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டா அப்புறம் யாரும் காதைத் தீட்டிக்கிட்டு உக்கார மாட்டாங்க.

இசைக்குப் பதிலா ஃபிரிட்ஜ். சமையல்கட்டுல ஃபிரிட்ஜ் ஓடுற சத்தத்தை ஆரம்பத்துலேருந்து அடியில வைங்க, யாரும் கவனிக்காத அளவுக்கு. 1:20 கிட்ட கம்ப்ரசர் ஒரு குலுக்கலோட 'தட்'னு நிக்கட்டும். இதுவரைக்கும் ஒரு சத்தம் இருந்ததே அப்பத்தான் உறைக்கும். அந்த வெறுமையில அடுத்து எது கேட்டாலும் பெருசாக் கேக்கும். அதுக்கப்புறம் அறையோட பொதுச் சத்தத்தை 25 செகண்டுக்குள்ள 8 டெசிபல் மெதுவா இறக்குங்க. முழுசா பூஜ்யத்துக்குக் கொண்டு போயிடாதீங்க. ஸ்பீக்கர் கெட்டுப் போச்சோன்னு நினைப்பாங்க, பிடி விட்டுப் போயிடும்.

ஷூட் நடக்கறப்ப ஃபிரிட்ஜை அணைச்சுடுங்க, சத்தத்தைத் தனியாப் பதிவு பண்ணி எடிட்ல சேருங்க. இல்லாட்டி வெட்டுக்கு வெட்டு அது குதிக்கும். அணைக்கறப்ப வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ள வைங்க, போறப்ப திரும்பப் போட மறக்காது. ஆளில்லாத அறையோட சத்தம் ரெண்டு நிமிஷம் தனியா வேணும். ராத்திரி ஒரு மணிக்கு மேல எடுங்க, ஆட்டோ சத்தம் குறைஞ்சிருக்கும்.

டம்ளர் சத்தத்தை நெட்டுலேருந்து எடுக்காதீங்க. காலி டம்ளரை கிரானைட் மேடையில கவுத்து வைக்கிறப்ப முதல்ல விளிம்பு ஒரு பக்கம் தட்டும், அப்புறம் முழுசா உக்காரும். ரெண்டு தட்டு, நடுவுல சின்ன இடைவெளி. நிமித்தி வைக்கிறதுக்கு இப்படி வராது. அந்த வீட்டுலயே, அதே மேடையில, மூணு இடத்துலேருந்து பதிவு பண்ணுங்க: ஒரு அடி தூரத்துல, நடையில, ரேவதி உக்காந்திருக்கற இடத்துல. படத்துல ஹால் பதிவைப் போடுங்க. கிட்டத்துல எடுத்துட்டு எக்கோ சேத்தா சுவரும் மூலையும் சேந்து தர்ற அந்த மங்கல் வராது.

"ஊம்"னு அடியில ஓடுற 40 ஹெர்ட்ஸ் சத்தத்தை நம்பாதீங்க. குறும்படத்தைப் பாதிப்பேர் ஃபோன்லதான் பாப்பாங்க, ஃபோன் ஸ்பீக்கர்ல அது வரவே வராது. வேணும்னா 200லேருந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொஞ்சம் சதை இருக்கற மாதிரி பண்ணுங்க.

இனி மொச்சை. இதைத்தான் நீங்க வீணாக்கறீங்க, எனக்கு உண்மையிலேயே மனசு கேக்கல. வெறும் குண்டான்ல முதல் பருப்பு விழறப்ப 'டிங்'னு கேக்கும். அடி மூடினதுக்கப்புறம் பருப்பு மேல பருப்பு விழும், 'தொப்'னு அமுங்கிடும். ரெண்டு நிமிஷம் சீரான தாளத்துல இந்தச் சத்தம் ஓடட்டும், பாக்குறவங்க காது அதுக்குப் பழகிடும். டம்ளர் சத்தம் வருது. அவ கை நிக்குது. நாலு செகண்ட் அமைதி. அப்புறம் நடைப்பக்கத்துலேருந்து ஒரே ஒரு 'டிங்'. அவ குண்டான் முக்கால்வாசி நிறைஞ்சிருக்கு, அதுலேருந்து அந்தச் சத்தம் வர வழியே இல்ல. வேற யாரோ காலிப் பாத்திரத்துல முதல் பருப்பைப் போடறாங்க. மூளை இதைக் கணக்குப் போடறதுக்கு முன்னாடி காதுக்குத் தெரிஞ்சுடும்.

தொடர்ந்து கேட்ட சத்தம் நின்னு போனா அதுவே பயம்ங்கறதுக்கு 1942ல வந்த 'கேட் பீப்பிள்' படத்துல நல்ல பாடம் இருக்கு. ராத்திரித் தெருவுல ஒருத்தி நடக்கறா, பின்னாடி காலடிச் சத்தம். அது நின்னுடுது. அவ பயந்து வேகமாப் போக, திடீர்னு ஒரு பஸ் சீறிட்டு வந்து நிக்கும். பஸ்ஸைப் பாத்துத் துள்ளுறோம், ஆனா துள்ள வெச்சது அதுக்கு முன்னாடி இருந்த அமைதி.

அல்சூர்_ராத்திரி

'டிங்' யோசனை படிக்கறப்பவே சிலிர்த்துடுச்சு, கண்டிப்பாப் பண்றேன். கேமரா பக்கம் மூணு சந்தேகம். ஹால்ல பழைய சோக் வெச்ச டியூப்லைட், ஃபுட்டேஜ்ல பட்டை பட்டையா ஓடுது. முகத்தை நோக்கி மெதுவா நகர்றதை எடிட்ல ஜூம் பண்ணினேன், சப்புன்னு இருக்கு. நெட்டுல ஏத்தினா இருட்டெல்லாம் கட்டம் கட்டமா உடையுது.

மூணாம்_கால்

பட்டைக்குக் காரணம் ஷட்டர். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால அந்த டியூப்லைட் செகண்டுக்கு 100 தடவை மங்கித் தெளியும். செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 180 டிகிரின்னா (அதாவது ஒரு ஃப்ரேமோட நேரத்துல பாதி திறந்திருக்கும்) 1/48 செகண்ட், அது இந்தத் துடிப்போட ஒட்டாது. 1/50 வைங்க, டிகிரி கணக்குன்னா 172.8. ஒவ்வொரு ஃப்ரேமும் சரியா ரெண்டு துடிப்பை வாங்கிக்கும். மலிவான எல்இடி பல்பும் இதே வேலையைப் பண்ணும், ஒவ்வொரு விளக்கையும் பத்து செகண்ட் எடுத்துப் பெரிய திரையில பாத்துடுங்க.

எடிட் ஜூம் சப்புன்னு இருக்கறதுக்குக் காரணம், அதுல படம் பெருசாகுது, இடம் நகரல. நிஜமா கேமரா முன்னேறினா கிட்ட இருக்கற கதவு நிலை வேகமாவும் பின்சுவர் மெதுவாவும் விலகும். பாக்குறவங்களுக்கு என்ன நடக்குதுன்னு தெரியாது, ஆனா அறை இறுகற மாதிரி இருக்கும். 35 எம்.எம். போட்டு, ஃப்ரேம் ஓரத்துல கதவு நிலை தெரியற மாதிரி வெச்சு, ஸ்லைடர்ல 30 சென்டிமீட்டரை 40 செகண்ட்ல போங்க. கையால தள்ளினா ஆரம்பத்துலயும் முடிவுலயும் குலுங்கும். முன்னயும் பின்னயும் 5 செகண்ட் விட்டு நடுப்பகுதியை எடுத்துக்கோங்க.

ரேவதியை ஃப்ரேமோட இடது ஓரத்துல வெச்சு இடது பக்கமே பாக்க வைங்க. முகத்துக்கு முன்னாடி இடமே இல்ல, முதுகுக்குப் பின்னாடி முக்கால் ஃப்ரேம் காலி, அதுல இருட்டு நடை. எல்லார் கண்ணும் அங்கேதான் போகும்.

பாதி மறைக்கறதுக்கும் பலம் உண்டு. 1968ல வந்த 'ரோஸ்மேரீஸ் பேபி'யில ஒரு அம்மா படுக்கையறையில ஃபோன் பேசுவாங்க, கதவு நிலை அவங்களை மறைச்சிருக்கும். நிலைக்கு அந்தப் பக்கம் பாக்க தியேட்டர்ல சனங்க தலையைச் சாய்ச்சாங்கன்னு ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃப்ரேக்கர் சொல்லியிருக்கார். உங்க டம்ளரையும் அப்படி நிலையோரம் பாதி தெரியற மாதிரி வைங்க.

இருட்டு உடையறது: வெளிச்சமே இல்லாம எடுத்து ஐ.எஸ்.ஓ.வை (கேமராவோட ஒளி உணர்திறனை) ஏத்தினா கறுப்புல புள்ளி வரும், அப்லோடு பண்றப்ப அது கட்டமாகும். தேவையானதைவிடக் கொஞ்சம் வெளிச்சமா எடுத்து, எடிட்டுக்கு அப்புறம் நிறமும் வெளிச்சமும் சரி பண்ற கிரேடிங்ல இறக்குங்க. சரியான வெளிச்சத்தைவிட முகம் ஒன்றரை ஸ்டாப் கம்மி (ஒரு ஸ்டாப் இறக்கினா வெளிச்சம் பாதியாகும்), நடை மூணு ஸ்டாப் கம்மி, சுத்தக் கறுப்பு எங்கயும் வேண்டாம். மேலே மெல்லிசா கிரெயின் சேத்து, 1080ல எடுத்திருந்தாலும் 4கே ஆக்கி ஏத்துங்க. யூட்யூப் அதுக்கு பிட்ரேட் (ஒவ்வொரு செகண்டுக்கும் ஒதுக்கற டேட்டா) அதிகம் குடுக்கும்.

கத்தரி

ஒண்ணு விட்டுப்போச்சு. கடைசியில அம்மா பின்னாடி நிக்கிற துள்ளல் வேண்டாம்னு தோணுது. அவங்க தெளிவாத் தெரிஞ்ச உடனே சந்தேகம் செத்துடும்.

காதுக்குள்ள

அம்மா இருக்கட்டும், துள்ளல் சத்தத்தை மட்டும் எடுத்துடுங்க. ரேவதி திரும்பி வந்து உக்காந்து மறுபடி பிதுக்க ஆரம்பிக்கட்டும். மூணாம்_கால் சொன்ன அதே ஃப்ரேம், 50 எம்.எம்., லென்ஸ் திறப்பு f/2.8, ஃபோகஸ் அவ மேல. பின்னாடி 12 அடியில, நிலையோரம் ஒரு புடவைக் கரை மங்கலாத் தெரியணும். ஷாட் ஆரம்பத்துலேருந்தே அது அங்க இருக்கணும், நடுவுல வந்து சேரக் கூடாது. எந்த ஒலியும் அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம். 10 செகண்ட் விட்டா பாதிப்பேர் தானாக் கண்டுபிடிப்பாங்க, மீதிப்பேர் பக்கத்துல இருக்கறவங்க நிமிந்து உக்காந்ததைப் பாத்துத் தேடுவாங்க.

அந்த 'டிங்' மட்டும் கவனம். மொச்சை 'தொப்' எந்த அளவுல இருக்கோ அதுக்கு 6 டெசிபல் கீழே வைங்க. அதுக்கு மேல ஏத்தினா எஃபெக்ட்னு தெரிஞ்சுடும். மிக்ஸ் முடிச்சதும் ஒரு தடவை ஃபோன்ல, ஹெட்ஃபோன் இல்லாம, மின்விசிறி ஓடுற அறையில கேளுங்க. அங்க காணாமப் போனா ரெண்டு ரெண்டு டெசிபலா ஏத்துங்க.