80 மீட்டருக்கு வளைய ஆன்டெனா வாங்கி ஏமாந்தேன், வெள்ளக் காலத்துக்கு வேறு வழி என்ன?

லாபிஸ்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அமெச்சூர் வானொலி (ஹாம் ரேடியோ) பேசுபவன் நான், ஜொகூரில் லாபிஸ் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறேன். வரிசை வீடு. முன்னால் கார் நிற்கும் இடம், பின்னால் துணி காயப்போடும் இடம், எனக்குச் சொந்தமான வானம் அவ்வளவுதான்.

2023 மார்ச்சில் சிகாமட் மாவட்டமே தண்ணீரில் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கரண்ட் போனது, அடுத்து கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்தது. என்னிடம் இருந்தது 2 மீட்டர் அலைவரிசையில் பேசும் கையடக்க ரேடியோ. செம்பனைக்குள் நுழைந்தால் அது மூன்று நான்கு கிலோமீட்டர் தாண்டாது. சிக்னலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையமும் வாய் திறக்கவில்லை. அன்று முடிவு செய்தேன், அடுத்த மழைக்குள் 80 மீட்டர் (3.6 மெகாஹெர்ட்ஸ் பக்கம்), 40 மீட்டர் (7.1 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) என்ற இரண்டு சிற்றலை வரிசைகளிலும் ஒரு ஏற்பாடு வேண்டும் என்று.

அப்புறம்தான் சறுக்கினேன். ஆன்லைனில் 1 மீட்டர் விட்டமுள்ள வளைய ஆன்டெனா ஒன்று, '80 முதல் 10 மீட்டர் வரை' என்று விளம்பரம், விலையும் கொஞ்சநஞ்சம் இல்லை. வாங்கி முன்வாசலில் நிறுத்தினேன். மாலையில் 40ல் ஜப்பான் கேட்கிறது, இந்தோனேசியா கேட்கிறது, ஒருமுறை ஜப்பான்காரரே எனக்குப் பதிலும் சொன்னார். ஆனால் குளுவாங்கில் இருக்கும் நண்பருக்கு, நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டர் சொச்சம்தான், இரவில் 80ல் என் குரல் போய்ச் சேரவே இல்லை. ஆன்டெனாவின் பொருத்தத்தை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர் 1.2 காட்டுகிறது (1 என்றால் முழுப் பொருத்தம்). ரிக் (ரேடியோ பெட்டி) 100 வாட் தள்ளுகிறது. எங்கே தப்பு?

வேண்டியது இதுதான்: மோட்டார் சைக்கிளில் வைத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்கு (போன தடவை அதுதான் எங்கள் நிவாரண மையம்) கொண்டுபோக வேண்டும், இரண்டு பேர் அரை மணி நேரத்தில் நிறுத்த வேண்டும், ஜொகூர் பாருவுக்கும் கோலாலம்பூருக்கும் பேச வேண்டும்.

சிற்றலை:

தம்பி, உங்கள் மேல் தப்பில்லை, வளையத்தின் மேலும் தப்பில்லை. '80 முதல்' என்று எழுதிய கைதான் தப்பு. அது 80ல் டியூன் ஆகும், அது உண்மை. டியூன் ஆவது வேறு, அலை வெளியே போவது வேறு.

கணக்கைப் பாருங்கள். சின்ன வளையத்தின் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியே போகும் பங்கைக் குறிக்கும் தடை) என்பது சுற்றளவை அலைநீளத்தால் வகுத்து, அதை நான்காம் படிக்கு உயர்த்தி, 197 ஆல் பெருக்கினால் வருவது. நான்காம் படி என்பதைக் கவனியுங்கள், அங்கேதான் உயிர் போகிறது. 1 மீட்டர் விட்டம், 22 மி.மீ. செப்புக் குழாய் என்று வைத்துக்கொண்டால் 7.1 மெகாஹெர்ட்ஸில் கதிர்வீச்சுத் தடை 0.006 ஓம், செம்பின் சொந்தத் தடை 0.03 ஓம். அதாவது கொடுத்ததில் 16 விழுக்காடு வெளியே போகிறது, மீதி குழாயைச் சூடாக்குகிறது. 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் கதிர்வீச்சுத் தடை 0.0004 ஓம். இரண்டு விழுக்காடுகூட இல்லை. நீங்கள் கொடுத்த 100 வாட்டில் வெளியே போனது 2 வாட்டுக்கும் குறைவு. இதுவும் வளையத்தை டியூன் செய்யும் கெப்பாசிட்டரிலும் இணைப்புகளிலும் நட்டமே இல்லை என்று தாராளமாக எடுத்துக்கொண்ட கணக்கு. அதே வளையம் 14 மெகாஹெர்ட்ஸில் (20 மீட்டர்) 68 விழுக்காடு தரும், அருமையான ஆன்டெனா. அதனால்தான் வைத்திருப்பவர்கள் புகழ்கிறார்கள், அவர்கள் பேசுவது 20 மீட்டரில்.

எஸ்.டபிள்யூ.ஆர் 1.2 என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். 50 ஓம் டம்மி லோடு (சக்தியைச் சூடாக மட்டும் மாற்றும் சோதனைத் தடை) 1.0 காட்டும், அதை வைத்து யாரோடும் பேச முடியாது.

விட்டத்தை 2 மீட்டர் ஆக்கினால் 7.1ல் 60 விழுக்காடு, 3.6ல் 12 விழுக்காடு. ஆனால் 2 மீட்டர் செப்பு வளையத்தை மோட்டாரில் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் போகிறவரை நான் பார்க்க வேண்டும்.

ஒற்றைக்கம்பி:

ரிக்குக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் பொருத்தம் செய்யும் டியூனர் போட்டால் சரியாகாதா? என்னிடம் காரில் 80 மீட்டர் விப் (நிமிர்ந்து நிற்கும் கம்பி ஆன்டெனா) இருக்கிறது, 2.4 மீட்டர் நீளம், அடியில் சுருள். அது போதுமா?

சிற்றலை:

டியூனர் ரிக்கைச் சமாதானப்படுத்தும், அவ்வளவுதான். உங்கள் விப்பின் கதிர்வீச்சுத் தடை 80ல் மூன்றில் ஒரு ஓம் போல வரும். சுருளும் கார் அடியில் உள்ள மண்ணும் சேர்ந்து பத்துப் பதினைந்து ஓம் தின்னும். மறுபடியும் இரண்டு மூன்று விழுக்காடு கதைதான்.

அதைவிடப் பெரிய சிக்கல், நிமிர்ந்து நிற்கும் கம்பி தலைக்கு நேர் மேலே அலையை அனுப்பாது. நமக்கு வேண்டியதே அதுதான். கோயில் திருவிழாவில் வாணம் நேரே மேலே போய் வெடித்துச் சுற்றிலும் கொட்டுகிறதல்லவா, அப்படி அலை மேலே போய் அயனி மண்டலத்தில் திரும்பி, 300, 400 கிலோமீட்டர் வட்டத்துக்குள் எல்லா இடத்திலும் இறங்க வேண்டும். இதற்கு என்.வி.ஐ.எஸ் என்று பெயர். கம்பி படுத்திருக்க வேண்டும், தாழ்வாக இருக்க வேண்டும். நிமிர்ந்த கம்பியின் அலை சரிவாகக் கிளம்பி, குளுவாங்கைத் தாண்டி, ஜொகூர் பாருவைத் தாண்டி, எங்கோ கடலுக்கு அப்பால் இறங்கும்.

அமெரிக்க இராணுவத்தின் ஏ.எஸ்-2259 என்ற ஆன்டெனாவைப் பாருங்கள். நடுக்கம்பம் வெறும் 15 அடி, அதிலிருந்து கம்பிகள் சரிந்து தரைக்கு வருகின்றன. பெரிய கோபுரம் கட்டக் காசில்லாமலா அப்படிச் செய்தார்கள்?

மூங்கில்:

அண்ணன் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் தோட்டத்துக்காரன், கை வேலையைச் சொல்கிறேன்.

தம்பி, 'எனக்கு இடமில்லை' என்கிறீர்கள். வீட்டில் இல்லை, சரி. ஆனால் நீங்கள் பேசப்போவது வீட்டிலிருந்து இல்லையே. பள்ளிக்குத் திடல் இருக்கிறது. திடலுக்குப் பின்னால் செம்பனை இருக்கிறது. செம்பனை நடுவது 9 மீட்டர் முக்கோண இடைவெளியில், அதாவது ஏறக்குறைய 30 அடி. 40 மீட்டர் டைபோலுக்கு (நடுவில் இணைப்பு, இரு பக்கமும் சமக் கம்பி) 7.1ல் மொத்தம் 20 மீட்டர், பக்கத்துக்கு 10. நடுவில் 6 மீட்டர் கம்பு நிறுத்தி, இரண்டு நுனியையும் தலைக்கு மேல் இரண்டரை மீட்டரில் கட்டினால் கிடைத்தூரம் பக்கத்துக்கு 9 மீட்டர் சொச்சம் வரும். நடு மரத்தில் கம்பு, முன் மரத்தில் ஒரு நுனி, பின் மரத்தில் ஒரு நுனி. அளவு நாடாவே வேண்டாம், நட்டவர்கள் நமக்காக அளந்து வைத்திருக்கிறார்கள்.

கம்புக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். குலை அறுக்கும் அலுமினியக் கம்பு எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும், நீட்டிக்கொள்ளலாம், கத்தியைக் கழற்றிவிட்டு மேலே ஒரு துண்டு பி.வி.சி குழாயைச் சொருகி அதில் கம்பியைக் கட்டுங்கள். ஒரே ஒரு கட்டளை: நிமிர்த்தும் முன் அண்ணாந்து பாருங்கள். அந்தக் கம்பு மின்கம்பியில் பட்டு ஆள் போன கதை தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரண்ட் இல்லை என்று நம்பாதீர்கள், அது எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது 80. முழு டைபோல் 40 மீட்டர் நீளம், திடலில் கட்டலாம், ஆனால் கால்வாசி இடத்தைக் கூடாரம் பிடித்துக்கொள்ளும். நான் செய்வது, அதே 10 மீட்டர் கம்பியின் ஒவ்வொரு நுனியிலும் 110 மைக்ரோஹென்றி சுருள், அதற்கு அப்பால் 2 மீட்டர் வால். 40ல் சுருள் கதவைச் சாத்திவிடும், 10 மீட்டர் மட்டும் வேலை செய்யும். 80ல் கதவு திறந்து வாலும் சேர்ந்துகொள்ளும். 50 மி.மீ. பி.வி.சி குழாயில் 1 மி.மீ. எனாமல் கம்பியை நெருக்கி 65 சுற்று போலச் சுற்றினால் சுருள் தயார். வாலைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு, நானோ வி.என்.ஏ (ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) வைத்துப் பார்த்து வெட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு விரல் அளவு வெட்டினாலே ஊசி ஓடும். 80ல் அகலம் குறைவு, 30, 40 கிலோஹெர்ட்ஸ்தான் நல்லபடி கிடைக்கும். அதனால் எங்கே பேசப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு வெட்ட வேண்டும். எங்கள் வட்டாரத்துக்கான அவசர அலைவெண்கள் 3.600, 7.110. நான் 3.600ஐ நடுவில் வைத்து வெட்டியிருக்கிறேன்.

எல்லாம் சேர்த்து ஒரு அரிசிப் பையில் அடங்கும். கம்பு அங்கேயே கிடைக்கும்.

வளையப்பிரியன்:

எல்லோரும் சேர்ந்து வளையத்தை இப்படிப் போட்டு மிதிக்கலாமா! நானும் ஒன்று சொல்கிறேன்.

மையத்தில் மூன்று நாள் இருந்தவன் நான். கம்பி கட்டத் திடல் இருக்கிறது என்பது மழை விட்டபின் வரும் பேச்சு. எங்கள் திடலில் இடுப்பளவு தண்ணீர், எல்லோரும் மாடியில். அந்த நேரத்தில் மாடி வராந்தாவில் ஒரு வளையத்தை நிறுத்தி, பகலில் 40ல் பேச முடிந்தது. 16 விழுக்காடு என்றால் 100 வாட்டுக்கு 16 வாட், அது சும்மா இல்லை. இன்னொன்று, வளையத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் தளத்தில் மேலேயும் அலை போகும், விப் மாதிரி தலைக்கு மேல் குருடு இல்லை. ஆகவே 40க்கு வளையம், 80க்குக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், தூக்கி எறிய வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. 100 வாட்டில் அந்தக் கெப்பாசிட்டரின் மேல் 8,000 வோல்ட் உச்சம் வரும், வளையத்தில் 50 ஆம்பியர் ஓடும். மையத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள், பளபளவென்று இருப்பதைத் தொடாமல் விடுவார்களா. கயிறு கட்டி, நாற்காலி போட்டுத் தடுத்து, 20 வாட்டுக்கு மேல் போகாமல் பேசினேன். பேட்டரிக்கும் அது நல்லது.

அந்தமானில் 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் அம்மாவின் குழு சிற்றலையில் செய்தி கடத்தியது நம்மில் பலருக்குத் தெரியும். அங்கிருந்து சென்னைக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல், அது வேறு தூரம், வேறு அலைவரிசை. அவர்களைப் பார்த்து 20 மீட்டர் ஆன்டெனாவோடு லாபிஸில் உட்கார்ந்தால் சிகாமட்டுக்குச் செய்தி போகாது. முதலில் யாரோடு பேசப் போகிறோம் என்பதைக் கேட்டுக்கொண்டு பிறகு ஆன்டெனாவைத் தேடுங்கள்.

சிற்றலை:

வராந்தா விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அந்த இடத்தில் வேறு வழியில்லை.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, யாரும் சொல்லவில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பகலில் அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கு நல்ல அடர்த்தி, 7 மெகாஹெர்ட்ஸை நேரே மேலே அனுப்பினாலும் திரும்பி வரும். பகலில் 80ஐ முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், அதற்குக் கீழே உள்ள டி அடுக்கு விழுங்கிவிடும். அலைவெண் பாதியானால் டெசிபெல் கணக்கில் உறிஞ்சல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இரவு ஏற ஏற, முக்கியமாக விடியலுக்கு முன், 40 மேலே கிழித்துக்கொண்டு போய்விடலாம், அப்போதுதான் 80 வேண்டும். அந்த நேரத்தில் சுமத்ரா பக்கத்து இடியெல்லாம் 80ல் வந்து பொரியும், குரல் எடுபடாது. மோர்ஸ் தெரிந்தவர்கள் மோர்ஸ், தெரியாதவர்கள் ஜே.எஸ்.8 போல மடிக்கணினியில் தட்டி அனுப்பும் முறை. நிவாரண மையத்தில் எத்தனை பேர், எத்தனை பால்மாவு டின் வேண்டும் என்பதற்குக் குரல் எதற்கு?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஊரில் கரண்ட் போனால் எல்.இ.டி விளக்கு, சோலார் இன்வெர்ட்டர், டிவி பெட்டி எல்லாம் செத்துப்போகும். எங்கள் வீட்டில் சாதாரணமாகச் சிக்னல் மீட்டரில் எஸ்7ல் நிற்கும் இரைச்சல் அன்றைக்கு எஸ்3க்கு இறங்கியது. முப்பது வருஷத்துக்கு முன் இருந்த அமைதி!

லாபிஸ்காரன்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மூங்கில் அண்ணே சொன்னபடி செய்தேன்.

தோட்டத்து மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மரம் பிடித்தோம். முதல் தடவை ஒரு மணி பத்து நிமிடம் ஆனது, அதில் பாதி நேரம் எறும்போடு போராட்டம். சுருள் ஒன்றில் 65க்குப் பதில் 58 சுற்றுதான் இருந்தது, எண்ணியது என் மகன், அவனைத் திட்டிப் பயனில்லை. 80ல் ரெசொனன்ஸ் (ஆன்டெனா ஒத்திசையும் அலைவெண்) மேலே போய் நின்றது. சுற்றைக் கூட்டி, வாலை வெட்டி, 3.605ல் வந்தது, போதும்.

பகல் 11 மணிக்கு 40ல் குளுவாங் நண்பர் 59 (தெளிவு 5, பலம் 9) கொடுத்தார். 20 வாட். கோலாலம்பூரில் ஒருவர் 57. இரவு ஒன்பதரைக்கு 80ல் குளுவாங் மறுபடி, இடி இரைச்சலுக்கு நடுவில் 55, ஆனால் சொன்னதெல்லாம் புரிந்தது. அதே இடத்தில் வளையத்தை நிறுத்தி மாற்றிப் பார்த்தோம், 100 வாட்டில் 'ஏதோ முனகுகிறது' என்றார்.

வளையத்தை விற்கவில்லை, வராந்தா யோசனைக்காக வைத்திருக்கிறேன். இப்போது ஒரே சிக்கல் ஆன்டெனாவிலிருந்து ரிக்குக்கு வரும் கோஆக்ஸ் கேபிள். நடுவிலிருந்து மண்டபத்துக்கு 25 மீட்டர் போகிறது, ரிக்கின் மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்கிறது. பேலன் (கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடாமல் தடுப்பது) இல்லாமல் நேரடியாகக் கட்டியதால்தானே?

மூங்கில்:

அதேதான். கோஆக்ஸின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவாக மாறி மின்னோட்டம் திரும்பி வருகிறது. நடுவில், கம்பி சேரும் இடத்திலேயே, எஃப்.டி240-43 என்ற ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்று போட்டுக் கட்டுங்கள், மெல்லிய ஆர்ஜி-58 போதும். சும்மா காற்றில் சுருட்டி வைப்பது 80ல் அவ்வளவாகக் கேட்காது.

அரை மணிக்குள் வரும்வரை இன்னும் இரண்டு தடவை கட்டிப் பாருங்கள், ஒரு தடவை மழையில். ஈரமான கயிற்றில் முடிச்சு அவிழாது, நான் அன்றைக்குத்தான் கத்தி கொண்டுபோகக் கற்றுக்கொண்டேன். வர ஞாயிறு காலை பத்து மணிக்கு 7.110ஐ அடைக்காமல் கொஞ்சம் மேலே தள்ளி இருப்பேன், கூப்பிடுங்கள்.