655-க்கும் 661-க்கும் நடுவில் ஒரு மார்ச் மாதம்

திருப்பூரிலிருந்து:

டேட்டாபேஸின் பதிப்பை மாற்றப்போய் நான் பட்ட பாடு இது. ஒரு பனியன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாப் ஒர்க் சலான் (வெளியே தைக்கக் கொடுக்கும் சீட்டு), தையல் கூலி, நூல் இருப்பு எல்லாம் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் 2008 எக்ஸ்பிரஸில் ஓடின. அந்த இலவசப் பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 4 ஜிபிக்கு மேல் வளராது. மார்ச் முதல் வாரம் அது நிரம்பி, சலான் போட முடியாமல் நின்றது. அதற்கு அடுத்த பதிப்பான 2008 ஆர்2 எக்ஸ்பிரஸில் 10 ஜிபி வரை போகலாம். பேரிலேயே 2008 இருக்கிறதே, பங்காளிகள்தானே, ஒத்துப்போகும் என்று நம்பி ஒரே ராத்திரியில் மாற்றிவிட்டேன். பழைய பேக்கப் முனகாமல் ரெஸ்டோர் ஆனது. காலையில் கணக்கு அக்கா வேறு, “முன்னைக்கு இப்ப வேகமா இருக்குதுங் தம்பி” என்றார்.

பன்னிரண்டு நாள் கழித்து, புரோகிராம் எழுதிக் கொடுத்த கோயமுத்தூர்க்காரர் வருஷ முடிவுத் திருத்தத்துக்காக டேட்டா கேட்டார். பென் டிரைவில் பேக்கப்பைக் கொண்டுபோனேன். அவரிடம் இருந்தது 2008, காசு கொடுத்து வாங்கிய பதிப்பு. பேக்கப் எடுத்த சர்வரின் பதிப்பு எண் 10.50, இந்த சர்வருடையது 10.00 என்று ரெஸ்டோர் மறுத்துவிட்டது. சரி என்று டேட்டா ஃபைலையே நேராக இணைத்துப் பார்த்தோம். இந்த டேட்டாபேஸின் உள்கட்டமைப்பு எண் 661, நான் 655 வரைதான் திறப்பேன், கீழே இறக்க வழியில்லை என்று பதில் வந்தது.

“காம்பேட்டிபிலிட்டி லெவலைக் கொறச்சுப் பாருங்க தம்பி” என்றார் அவர். பார்த்தால் 100. 2008-க்கும் 100, ஆர்2-க்கும் 100, குறைக்க என்ன இருக்கிறது? அந்த லெவல், குவெரி (டேட்டாவைக் கேட்கும் கட்டளை) எந்தக் காலத்து வழக்கப்படி நடக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லும். டேட்டா ஃபைலின் உள்கட்டமைப்பு எண்ணை அது தொடுவதே இல்லை. முதல் ரெஸ்டோரிலேயே 655 போய் 661 ஏறிவிட்டது. அதற்குமுன் எடுத்த பேக்கப்பில் இந்தப் பன்னிரண்டு நாள் சலான் கிடையாது.

கடைசியில் டேபிள்களுக்கு ஸ்கிரிப்ட் எடுத்து, டேட்டாவை, அதை வெளியே இறக்கவும் ஏற்றவும் உதவும் பிசிபி என்ற கருவி மூலம் ஃபைல் ஃபைலாக வெளியே இறக்கினோம். அதிலும் இரண்டு தடவை அடி. முதல் தடவை அந்தக் கட்டளையில் ‘சி’ சுவிட்ச் போட்டு எடுத்ததில், தமிழில் அடித்திருந்த பார்ட்டி பெயர்கள் அத்தனையும் கேள்விக்குறிகளாக வந்தன. யூனிகோடுக்கு ‘டபிள்யூ’ போட வேண்டும். இரண்டாவது தடவை பெயர்கள் சரி, எண்கள் போச்சு. பெரிய ‘ஈ’ சுவிட்ச் போடாமல் ஏற்றினால், தானாக எண் கொடுக்கும் நெடுவரிசை பழைய எண்ணை மதிக்காமல் புதிதாக எண்ணத் தொடங்கிவிடும். நடுவில் அழித்த சலான்களின் இடைவெளியெல்லாம் மூடிக்கொண்டது. சலானுக்குப் புது எண், அதன் பீஸ் விவரத்தில் பழைய எண். அனுப்பர்பாளையத்து ஓவர்லாக்காரர் தைத்த 1,200 பீஸ் அவிநாசிக்காரர் கூலியில் உட்கார்ந்திருந்தது. கணக்கு அக்கா பார்த்துச் சொல்லாமல் இருந்திருந்தால் சனிக்கிழமை பட்டுவாடாவில் அடிதடியே நடந்திருக்கும்.

கோயமுத்தூரிலிருந்து:

ஏனுங்க, அந்தப் புரோகிராம்காரர் கம்ப்யூட்டரிலேயே ஆர்2-வை இன்னொரு இன்ஸ்டன்ஸாக, அதாவது தனி சர்வராகப் போட்டிருக்கலாமே? 2008 பக்கத்திலேயே ஓடும். ஒரு மணி நேர வேலை.

நம்ம கதை ஒரு ஃபவுண்டரி. எஸ்கியூஎல் சர்வர் 2000-இல் இருந்ததை நேராக 2012-க்கு ஏற்றப் பார்த்தேன். 2012 பதிப்பு, 2005 பதிப்புக்கு முந்தைய பேக்கப்பைத் தொடாது. நடுவில் 2008-இல் ஏற்றி, அங்கே மறுபடி பேக்கப் எடுத்துத்தான் போக முடிந்தது. போன பிறகு பாதி ரிப்போர்ட் வரவில்லை. பழைய ஆள் ‘நட்சத்திரம் சமம்’ போட்டு அவுட்டர் ஜாயின் (இரண்டு டேபிளைச் சேர்க்கும் ஒரு முறை) எழுதியிருந்தார். லெவல் 80 வரைதான் அது செல்லும், 2012-இல் 90-க்குக் கீழே இறங்கவே முடியாது. நாற்பது ரிப்போர்ட்டையும் கையால் திருத்தினேன்.

ஈரோட்டிலிருந்து:

மஞ்சள் மண்டி. இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் 5.7-க்கு ஆதரவு 2023 அக்டோபரில் நின்றதால் 8.0-க்குப் போனோம். டம்ப் (டேட்டா முழுவதையும் எழுத்தாக இறக்கிய ஃபைல்) அழகாக ஏறியது. விரலி, கிழங்கு என்று தரம் பார்க்கும் திரை மட்டும் திறக்கவில்லை. தரம் இருந்த நெடுவரிசையின் பெயர் ‘ரேங்க்’, 8.0-இல் அது மொழி தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொல். டம்ப் பெயர்களைச் சுற்றித் தானே பேக்டிக் என்ற மேற்கோள் குறி போட்டுக்கொள்ளும், அதனால் ஏறிவிட்டது. புரோகிராமில் நாங்கள் எழுதியதில் பேக்டிக் இல்லை.

வேலைக்காகாது என்று 5.7-க்கே திரும்பினால், 8.0-இல் புதிதாக உருவாக்கிய இரண்டு டேபிள் ஏற மறுத்தன. ‘0900’ என்று வரும் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) 5.7-க்குத் தெரியாது. டம்ப் ஃபைலில் அதை மட்டும் ‘யூனிகோட் சிஐ’ என்று மாற்றியதும் ஏறியது. மைஎஸ்கியூஎல் பக்கம் வழி கொஞ்சம் பரவாயில்லைங்க, டம்ப் வெறும் எழுத்துதானே, கையை விட்டுத் திருத்தலாம்.

திருப்பூரிலிருந்து:

கோயமுத்தூர் அண்ணா, இன்னொரு இன்ஸ்டன்ஸ் யோசனை எங்களுக்கும் வந்தது, ஏப்ரல் பத்தாம் தேதி! மார்ச் கடைசியில் அவர் மெஷினில் எதையும் புதிதாக ஏற்ற அவர் விடவும் மாட்டார். அதே மெஷினில் இன்னும் நாலு கம்பெனிக் கணக்கு இருந்தது.

அப்புறம் எங்கே மாற்றினாலும் பழைய மெஷினை மூன்று மாதம் அப்படியே வைத்திருப்பேன். திருப்பூர் கம்பெனியில் அது மேஜைக்கடியில் ‘கை வைக்காதீங்க’ என்று டேப் ஒட்டிக் கிடந்தது. முதலாளி வாரம் ஒரு தடவை, “இதையப் பழைய இரும்புக்குப் போட்டரலாமுங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.